ஒரு ஜோடி செருப்பு

"வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார் கணக்கெடுக்க வந்தவர். புறநகரில் போதிய ஜனம் இருந்தால்தான் சுரங்க ரயில் வரும்.

"ஆறு பேருப்பா."

வாசலில் கிடந்ததோ ஒரே ஜோடி செருப்பு. கொடியில் ஒரே ஒரு துண்டு. அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"மத்தவங்க எங்கம்மா? ரயிலுக்காக ஆளைக் கூட்டிச் சொல்லி எனக்கே காது குத்துறீங்களா?"

"பொய் சொல்வேனா? பஸ்ஸுல போய்வந்து இடுப்பு ஒடிஞ்சுதான் பிள்ளைங்க குடும்பத்தோட டவுனுக்கு வாடகைக்குப் போனாங்க. ரயில் வந்தா மறுநாளே வந்துடுவாங்க. அப்போ ஆறு பேர்தானே?"

"இப்ப இருக்கிறவங்களைத்தான்மா எழுதணும்."

'ஒருவர்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கும் வாசலில் ஒரே ஜோடி செருப்பு.

கதவைத் திறந்த பெரியவர் முந்திக்கொண்டார்.

"எட்டுப் பேர் தம்பி!"