மாட்டுத் தொழுவத்தின் வாசல்கல்

ஸ்காட்லாந்தின் பெருமை முழுவதும் மோவட் குடும்பத்துப் பண்ணை வீட்டு வாசலில் தொடங்கியது என்கிறார், முன்னோர் வீட்டைத் தேடி அக்காவோடு இங்கே வந்திருக்கும் ஆர்ச்சி மோவட். அந்த வாசலுக்குள் இப்போது பசுக்கள் நிற்கின்றன. புது வீடு எழும்பியதும் பழையதை மாடுகளுக்கு விட்டுவிடுவது எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம். மழை ஓய்ந்த வெயில் ஈரக் கல்சுவரில் மின்னுகிறது. இடுப்பில் ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கில்ட் பாவாடையோடு, கவிழ்த்த வாளிமேல் நின்று, வாசலின் மேற்கல்லில் படிந்த பாசியை ஆர்ச்சி கரண்டியால் சுரண்டுகிறார். வாளி ஆடாமல் காலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள் அக்கா ஜீன். "இறங்குடா. நம்ம ஆளுங்க ஊரான் நிலத்துல ஏர் ஓட்டினவங்க. அவங்க பேரை எவன் வாசல்ல வெட்டி வச்சான்?" "அம்பது வருஷமா இதே பாட்டுதான் பாடுற அக்கா, கொஞ்சம் பொறு." "கல்லைப் பேத்துடாதீங்க, கீழ என் மாடு நிக்குது" என்கிறாள் பண்ணைக்காரி நெட்டா. பாசி உரிகிறது. கல்யாணத்தன்று இந்தப் பக்கத்துக் குத்தகைக் குடியானவர்களும் வாசலில் வெட்டிவைக்கும் பெயரின் முதலெழுத்துகள் வெளிவருகின்றன: அவர்களுடைய முன்னோர் அலெக்சாண்டர் மோவட்டுக்கு இரண்டு, மனைவி கிறிஸ்டி ரேவுக்கு இரண்டு, நடுவே கோணலாக ஓர் இதயம், கீழே 1764. ஜீன் எட்டி அந்த இதயத்தைத் தொடுகிறாள். "அடப்பாவி, நம்ம வீடேதான்டா!" ஆர்ச்சி இரு கைகளையும் உயர்த்திக் கத்துகிற கத்தலுக்கு மலை பதில் சொல்கிறது. வாசலுக்குள்ளிருந்து ஒரு பசு தலையை நீட்டி அவருடைய கில்ட்டின் ஓரத்தை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. அது வாடகைக் கில்ட்.