ஒரு குடம் மலைத்தேன்

மலைச்சந்தையில் அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதில் சீனிவாச முதலியாருக்குப் பரம திருப்தி. கோட்டின் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பாவம், கோட்டு போட்ட ஆளைக் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க" என்றார்.

சரக்குக் கூடையோடு பின்னால் வந்த அவர் மனைவி தனபாக்கியத்துக்கு, அவர்கள் சிரிப்பது மரியாதைச் சிரிப்பாகத் தோன்றவில்லை. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

முதலியாருக்கு வாணியம்பாடியில் தோல் மண்டியில் குமாஸ்தா வேலை. மண்டி முதலாளி அப்துல் வஹீத் சாயபுவின் இருமலுக்கு ஹக்கீம் மலைத்தேன் சொல்லியிருந்தார். ஒரு குடம் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரிய குமாஸ்தா வேலை நிச்சயம். அந்த வேலை கிடைத்தால் சோளிங்கரில் பார்த்து வைத்திருக்கும் இரண்டாம் தாரமும் நிச்சயம்.

குழந்தை பெறாத முதல் தாரத்தை முதலியார் அதற்காக ஒதுக்கிவிடவில்லை. மலைக்குக் கூடவே அழைத்து வந்திருந்தார். குடத்தைச் சுமக்க ஆள் வேண்டுமே.

மண்டிக்குக் கடுக்காய் கொண்டுவரும் பச்சையப்பன் சந்தை வழக்கத்தைச் சொன்னான். "இங்க பேரம் கிடையாது சாமி. வேணுங்கிற சரக்குப் பக்கத்துல உங்க சரக்கை வைங்க. புடிச்சிருந்தா அவங்க சரக்கை உங்க பக்கம் தள்ளுவாங்க. நீங்க எடுத்துட்டா முடிஞ்சுது. எடுத்தவங்களே மனசு மாறி இறக்கி வெச்சாத்தான் மாத்து, அவங்கவங்க சரக்கு அவங்கவங்களுக்கே திரும்பிடும்."

"பேசத் தெரியாத ஜனம்" என்று சிரித்த முதலியார் மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, நீயும் கத்துக்கோ. எதை வாங்கினாலும் அசல்தானான்னு ஒரு வார்த்தை கேக்கணும். எங்கப்பா கேக்காம உட்டுட்டாரு, நான் அனுபவிக்கிறேன்."

தனபாக்கியம் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தேன் விற்றவள் கட்டுமஸ்தான நடுவயதுக்காரி. முதலியார் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மூட்டை உப்பை வைத்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். லாங் பஜாரில் வாங்கிய கண்ணாடியை வைத்தார். அவள் கொட்டாவி விட்டாள். அங்கவஸ்திரத்தை வைத்தார். அதன் நுனியில் ஈ உட்கார்ந்ததோடு சரி.

வெயில் ஏறியது. வைத்ததையெல்லாம் வாரிக் கூடையில் போட்டுவிட்டு, கால் கடுத்துப்போன முதலியார் குடத்துக்குப் பக்கத்திலேயே 'அப்பாடா' என்று உட்கார்ந்தார்.

தேன்காரி நிமிர்ந்தாள். அவர் தோளை அமுக்கினாள். உள்ளங்கையைப் புரட்டினாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். தனபாக்கியத்துக்குத் தன்னைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது. மாமியார் அன்று இதே வரிசையில்தான் பார்த்தாள். கூடுதலாக நடந்து காட்டவும் சொன்னாள்.

"ரேகை பாக்கறா. ராஜ களைன்னா சும்மாவா?" என்று முதலியார் பூரித்தார்.

தேன்காரி பெருமூச்சு விட்டு, அரை மனதாகக் குடத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

முதலியார் லபக்கென்று எடுத்துக்கொண்டார். "பாத்தியா? ஒண்ணுமே வைக்காம வாங்கிட்டேன்." தனபாக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். 'உனக்கு இன்னா தெரியும்' என்ற பதில் அவளுக்கு மனப்பாடம்; மூடிக்கொண்டாள். குடம் அவள் தலைக்கு ஏறியது.

சந்தை எல்லையைத் தாண்டவில்லை. தேன்காரியின் தம்பிகள் இருவர் வந்து முதலியாரின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே தேன்காரியும் வந்தாள்.

"எங்க போறே? அக்கா மாட்டை யாரு ஓட்டறது?" என்றான் தம்பிகளில் ஒருவன்.

முதலியாருக்குப் புரியவில்லை. பச்சையப்பன்தான் தலையைச் சொறிந்தான். "உங்களை வெச்சீங்க, குடத்தை எடுத்தீங்க சாமி. அவளுக்கே மனசில்ல. கை மெத்துன்னு இருக்குது, நஷ்டம்தான்னு பொலம்பறா. ஆனா குடத்தைத் தள்ளிட்டாளே."

"ஐயோ, தனபாக்கியம்!" என்றார் முதலியார். அவள் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "குடத்தை இறக்கி வெச்சுடு, தாயே!"

"சரக்கு உங்க தலையிலதாம்மா இருக்குது" என்றான் பச்சையப்பன். "நீங்க இறக்கினா மாத்து."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இப்படி யாரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. சோளிங்கர்ப் பெண்ணை நினைத்துக்கொண்டாள்; அதுவும் பாவம், சின்னப் பெண்.

குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தேன்காரியின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, தேன் அசல்தானே?"