சுவருக்குப் பின்னால் இரண்டு பேர்

திரையில் சுவரை எவ்வளவு கரைத்தேன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதிக்கு மேல் இருக்கும். மற்றதெல்லாம் நடந்தபடிதான் நினைவிருக்கிறது என்று நம்புகிறேன்.

என் கணவரும் அவருக்கு உதவியாக இருந்த பெண்ணும் ஒரு பழைய ஆலையை லேசர் ஸ்கேனரால் அளந்து முடித்திருந்தார்கள். கட்டடம் முழுவதும் கோடிக்கணக்கான புள்ளிகளாக என் திரைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து வரைபடம் போடுவது என் வேலை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவளைப் பற்றித்தான் பேச்சு. “அவ இல்லன்னா எனக்குக் கையொடிஞ்ச மாதிரி” என்பார். எனக்குச் சாப்பாடு இறங்காது.

திரையில் ஒளி ஊடுருவும் அளவைக் கூட்டினேன். கொதிகலன் அறையின் சுவர் புகைபோல் மெலிந்தது.

பின்னால் இரண்டு பேர்.

ஒருவர் நிமிர்ந்து நின்றார். இன்னொருவர் அவரை ஒட்டிக் குனிந்திருந்தார். புள்ளிகளில் முகம் தெரியாது. எனக்கு முகம் தேவைப்படவும் இல்லை. அவரும் அவளும்தான்.

இன்னும் கரைத்தேன். தூணும் குழாயும் போகட்டும், அந்த இரண்டு உடம்பு மட்டும் நிற்கட்டும் என்று.

குனிந்திருந்த உருவத்துக்குச் சடைப் பின்னல் இருந்தது.

நிமிர்ந்து நின்றதற்கும்.

ஸ்கேனரை ஓரிடத்தில் சுழலவிட்டு, பிறகு வேறிடத்துக்கு மாற்றிச் சுழலவிடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். நடுவில் நகர்ந்த ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லித்தரும் முதல் பாடம் அது. பொறாமையில் மறந்திருக்கிறேன்.

ஒரு சுற்றின் புள்ளிகளை மட்டும் அணைத்தேன். ஓர் உருவம் மறைந்தது. இரண்டும் அவளேதான்.

வெட்கமாக இருந்தது. யாரையாவது கூப்பிட்டுச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு என் கணவரைத் தேடினேன். ஆசையாகத்தான். எந்தக் கட்டடத்தை அளந்தாலும் அவருடைய முழங்கையோ செருப்போ எங்காவது மாட்டியிருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வேன்.

மாடி, கூடம், கிடங்கு என்று ஒவ்வொரு சுவராகக் கரைத்தேன். எங்கும் அவள்தான் இருந்தாள், தனியாக.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவளிடம் கேட்டேன்.

“அண்ணன் ஆலைப் பக்கமே வரலையே அக்கா. உங்களுக்கு உடம்பு சரியில்ல, கூடவே இருக்கணும்னு சொன்னாரே. இப்ப தேவலையா?”

தேவலை என்றேன்.

அவள் இப்போது சொந்தமாக ஸ்கேனர் வாங்கித் தொழில் செய்கிறாள். வரைபடம் போட்டுக் கொடுப்பது நான்தான். ஆலையை இடித்துவிட்டார்கள். அவர் வேறு ஊரில் இருக்கிறார், நான் ஒருமுறைகூடச் சந்தேகப்படாத ஒருத்தியோடு.