கடைசி இருபது அடி

விமானத்தைத் தரையிறக்குவது, வானம் பூமியோடு செய்துகொள்ளும் புனிதமான ஒப்பந்தம் என்பது கேப்டன் ஜெபமணியின் வாக்கு. அவரிடம் தொழில் பழகும் புதுப் பைலட் தாரணி நேற்று வரை அந்த ஒப்பந்தத்தில் தொம்மென்று விழுந்துதான் கையெழுத்துப் போட்டாள். விமான வாசலில் நின்று வணக்கம் சொன்னவளிடம் ஒரு பயணி, "ஏம்மா, எறக்கினீங்களா, போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றும் தொம்மென்றால் மறுபடி சிமுலேட்டர் என்கிற பொம்மை விமானத்தில் பயிற்சிக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

"கிட்டத்துத் தரையைப் பார்த்தா பயந்துபோய் சட்டுனு இழுத்துடுவே. ரன்வேயோட அந்தக் கோடியைப் பாரு. கண்ணுதாம்மா பைலட், கை வெறும் கூலியாள்" என்று பிரசங்கக் குரலில் சொல்லியிருந்தார் கேப்டன்.

ஐம்பது, முப்பது, இருபது என்று இயந்திரக் குரல் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. தாரணி கோடியைப் பார்த்தபடி விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தினாள். தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல எஞ்சினின் விசையைக் குறைத்தாள். தொம்முக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வரவேயில்லை. சக்கரங்கள் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தன. சிமுலேட்டர் கிடையாது! அடக்கிவைத்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது.

"எப்படி சார்?"

"பேசாதே. இன்னும் எத்தனை அடிம்மா இருக்கு?"

"எறங்கியாச்சு சார்."

கேப்டன் ஜெபமணி கண்ணைத் திறந்தார்.