தோளில் போடாத போர்வை

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்பறையில், நீள மேசைமேல் பழைய கம்பளிப் போர்வை விரிந்து கிடக்கிறது. மலையாட்டு மயிரில் நெய்தது, ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. அதைப் பார்க்கவென்றே அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்திருக்கிறாள் நடீன், லுஷூட்சீட் மொழி பேசும் பூர்வகுடிப் பெண். நெய்தவள் அவளுடைய மூதாதை. "ஒருதரம் தோளில் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். பக்கத்தில் காவலுக்கு நிற்கும் கஜந்தினி மறுக்கிறாள். "முடியாது. இழை தாங்காது." நடீன் தலையாட்டுகிறாள். பிறகு, அணியக் கொடுத்த கையுறைகளை மெதுவாகக் கழற்றி வைக்கிறாள். வெறுங்கையால் தொடுவதைக் கஜந்தினி தடுக்கவேண்டும், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் நடீனின் மெல்லிய குரல் எழுகிறது, அவளுடைய மொழியில், தொண்டைக்குள் தடக்கித் தடக்கி வரும் சொற்கள். கஜந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டுப் புறப்படுகிற தாய் அப்படித்தான் பேசுவாள். கதவைத் திறந்து மேற்பார்வையாளர் ஸ்ரீதரன் எட்டிப் பார்க்கிறார். "நேரமாச்சு பிள்ளை. பெட்டிக்குள்ள வைப்பமே?" "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்கிறாள் கஜந்தினி, திரும்பாமலே. "அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை."