படகின் முன்பக்கம்

இயற்கையின் சன்னிதியில் மனிதனுடைய பொறாமையும் அகந்தையும் தாமாகவே கரைந்துபோகும் என்று வக்கீல் சுந்தரராஜய்யங்கார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குமுளி மலை ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏரிக்கரையில் படகைக் கண்டதும் இரண்டும் திரும்பி வந்தன.

படகில் ஏற நின்றவர்கள் இரண்டு வக்கீல்கள். முன்பக்கமோ ஒன்றுதான்.

மற்றவர் நம்பி அய்யங்கார். அதே கோர்ட், அதே வீதி. போன ஆடிப்பூரத்தில் ஆண்டாள் சன்னிதியில் முதல் தீர்த்தம் நம்பியின் கைக்குப் போனதிலிருந்து சுந்தரராஜய்யங்காருக்குச் சாப்பாடு செரிப்பதில்லை.

பெரியாற்றில் அணை கட்டி ஏரி உண்டாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. துரைமார்கள் படகில் போய், தண்ணீர் குடிக்க வரும் காட்டு யானைகளைப் பார்த்துவிட்டு வந்து பேசுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் அப்படி யானை பார்த்த வக்கீல் இதுவரை கிடையாது. முதலில் பார்த்தவர் வராந்தாவில் நின்று கதை சொல்லலாம். இரண்டாமவர் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியதுதான்.

ஒருவரை ஒருவர் தனியாக அனுப்ப மனமில்லாததால் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

படகோட்டி பால்சாமி நடுப்பலகையில் உட்கார்ந்து துடுப்புகளைக் கையில் எடுத்தான்.

சுந்தரராஜய்யங்கார் வாழ்நாளில் வண்டிகளை மட்டுமே அறிந்தவர். வண்டிக்காரன் முகம் எந்தப் பக்கமோ, அதுவே முன்பக்கம். பஞ்சகச்சம் நனையத் தாவி, பால்சாமியின் முகம் இருந்த பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உம்மைவிட மூத்தவன், ஓய். பின்னாலே போய் உக்காரும்."

நம்பி முகம் சுண்டிப்போய், பால்சாமியின் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததற்கே வண்டியில் இடுப்பு ஒடிந்தது தகும் என்று சுந்தரராஜய்யங்காருக்குப் பட்டது. இருவருக்கும் முதுகைக் காட்டிக் கம்பீரமாக அமர்ந்தார்.

பால்சாமி துடுப்பை இழுத்தான்.

படகு பால்சாமியின் முதுகுப் பக்கமாக, நம்பி இருந்த பக்கமாக நகர்ந்தது.

சுந்தரராஜய்யங்காரின் கண்ணெதிரே, ஏறிவந்த கரை விலகிப் போயிற்று. வண்டி மாடுகள் சிறுத்துக்கொண்டே போயின. சற்று நேரத்தில் திருப்புவான் என்று காத்திருந்தார். பால்சாமி திருப்பவில்லை.

கேட்கலாம். கேட்டால் தெரியாமல் உட்கார்ந்தது தெரிந்துவிடும்.

கழுத்தையாவது திருப்பலாம். திருப்பினால் முன்பக்கம் அங்கேதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். எந்த எதிர்க்கட்சி வக்கீலுக்கும் அவர் இவ்வளவு சுலபமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

"ஏன் சாமி, வந்த கரையவே பாத்துக்கிட்டு வாரீய?" என்றான் பால்சாமி.

அந்தக் கரையின் அழகே அழகு என்று சுந்தரராஜய்யங்கார் பதில் சொன்னார்.

ஒரு வளைவு தாண்டியதும் நம்பியின் குரல் வந்தது. யானை, என்றார். கறுகறுவென்று ஏழு நிற்கிறது என்றார். ஒன்று துதிக்கையைத் தூக்கியிருக்கிறதாம். ஒன்று குட்டியாம். தாயை ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறதாம். ஒவ்வொன்றையும் ஆற அமர, சாட்சியை விசாரிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கோர்ட் வராந்தாவில் அந்தக் குட்டி யானை தண்ணீர் குடிப்பதும், தாம் பக்கத்தில் நின்று தலையாட்டுவதும் சுந்தரராஜய்யங்காரின் கண்ணில் தெரிந்தன.

கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நிதானமாகப் பழையபடி கரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எட்டு, ஓய். புதருக்குப் பின்னாலே பெரிய கொம்பன் ஒண்ணு நிக்கறது. அதை விட்டுட்டீரே."

நம்பி மறுபடியும் புதர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, எட்டுதான் என்றார். கொம்பனை முதலில் பார்த்ததும் தாம்தான், சொல்லத்தான் மறந்துவிட்டது என்றார்.

ஊர் திரும்பியதும் இருவரும் வராந்தாவில் எட்டு யானைகளின் கதையைச் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் அந்த இருவர் பேச்சும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

ஏரியோரம் நின்றிருந்தவை, அணைத் தண்ணீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள்.