திரும்பிப் பார்க்காதவள்

கோடை விடுமுறையில் படித்துக் கட்டுரை எழுதச் சொல்லிப் பள்ளியில் கொடுத்த ஆங்கில நாவலை, பத்தாம் வகுப்பு மகளுக்காக மேகலாதான் படித்தாள். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று கடுத்த கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அகராதியும் கையுமாக, வரிவரியாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் நாயகி வீட்டைப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறாள்.

“அவ ஏன்டி ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல?”

மகள் நிமிரவில்லை. “அதெல்லாம் கட்டுரைக்கு வேணாம்மா. அடுத்தது சொல்லு, எழுதணும்.”

அடுத்தது என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் கணவன் வேலைக்கும் மகள் டியூஷனுக்கும் கிளம்பியபின் மேகலா கதவைப் பூட்டினாள். தினமும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவள், அன்று அப்படியே படியிறங்கினாள். பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியபோதும் சாவி கைப்பைக்குள் போகவில்லை. வியர்த்த உள்ளங்கையிலேயே இருந்தது.